கிலோ 12 ரூபாய் மாயாவி

"வேட்டை" என்ற சொல்லைத் தமிழ் காமிக்ஸ் சேகரிப்பவர்களின் வாயிலிருந்து யாராவது பிடுங்கி வைத்தால் தேவலை. பழைய பேப்பர் கடையில் குந்தி உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர் வேட்டையாம். வீட்டுக்கு வந்ததும் நாற்பது புத்தகங்களைத் தரையில் விரித்து ஒரு போட்டோ. ராணி காமிக்ஸ் முப்பது, முத்து ஆறு, லயன் நாலு. கீழே ஒரு வரி: "மொத்தமும் 300 ரூபாய்! கடைக்காரருக்கு ஒன்னுமே தெரியல!" இரண்டாவது வாக்கியத்தில்தான் அவருக்கு உண்மையான சந்தோஷம். முன்னூறு ரூபாய்க்குக் கிடைத்ததைவிட, எதிரில் இருந்தவனுக்குத் தெரியாமல் கிடைத்ததுதான் பெருமை.

இந்தக் கணக்கை ஒருமுறை கடைசி வரை போட்டுப் பார்க்கலாம். மரக்காணத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கமான ஊர். ஈசிஆரில் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் காரில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், 3,000 ஏக்கருக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கும் உப்பளம். தை மாசியில் பாத்தி மிதித்து, வெயில் காலம் முழுக்க உப்பு வாரி, ஐப்பசி மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கையில் காசு கிடையாது. வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளைக் குண்டான், உடைந்த ஃபேன், பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் எல்லாம் கடைக்குப் போவது அந்த மாதங்களில்தான். அந்தக் கட்டோடு மாமனோ சித்தப்பாவோ எண்பதுகளில் வாங்கி வைத்த ராணி காமிக்ஸும் போகும். "பழசுதான், போட்டுருங்கண்ணே" என்று தராசில் வைத்துவிட்டு அந்த அக்கா போய்விடுவார்.

கிலோ 12 ரூபாய். ராணி காமிக்ஸ் ஒரு கிலோவுக்கு இருபதுக்குக் குறையாமல் நிற்கும். ஆக ஒன்று 60 பைசா. 1984-இல் அந்தப் புத்தகத்தின் அட்டையில் அச்சிட்ட விலையே ஒன்றரை ரூபாய்! நாற்பது புத்தகத்துக்கு அந்த வீட்டுக்குப் போனது 24 ரூபாய். கடைக்காரருக்கு 300. வேட்டைக்காரர் அதில் நாலு இதழை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் ஐந்து இலக்கத்தைத் தொடலாம். உப்பு வியாபாரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊருக்கு இது புதுசில்லை. பாத்தியில் நிற்பவருக்கு உப்பின் தரம் தெரியும், விலை தெரியாது. விலை தெரிந்தவர் பாத்தியில் கால் வைப்பதில்லை.

"இது வியாபாரம் பாஸ், இதுல என்ன அநியாயம்?" என்று கேட்பார்கள். சரி, வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வியாபாரி என்று சொல்லிக்கொள்ளுங்கள். "தமிழ் காமிக்ஸைக் காப்பாற்றுகிறேன்" என்று சொல்லாதீர்கள். இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு திரிவதுதான் எரிச்சல்.

இந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1986-இல் டிசி நிறுவனம் 'மேன் ஆஃப் ஸ்டீல்' முதல் இதழை இரண்டு அட்டைகளோடு விட்டது. உள்ளே ஒரே கதை. 1991-இல் மார்வெலின் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து அட்டைகளில் வந்து, கடைகள் வாங்கிய பிரதிகள் எண்பது லட்சத்தைத் தாண்டின. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கி, பிரிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று அலமாரியில் பூட்டினார். எண்பது லட்சம் பேர் அலமாரியில் இருக்கும் பொருளுக்கு யார் பணம் கொடுப்பார்? சில வருடங்களில் குமிழி உடைந்து கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அப்படியும் புத்தி வரவில்லை. சாதாரண அட்டையில் 25 பிரதி வாங்கும் கடைக்கு அபூர்வ அட்டையில் ஒன்று என்று இன்றைக்கும் நடக்கிறது. திட்டமிட்டுத் தயாரித்த பஞ்சம் அது.

நம்முடைய பஞ்சம் யாரும் தயாரித்ததில்லை. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த கதை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். 1984-இல் லயன் காமிக்ஸ், 'கத்திமுனையில் மாடஸ்டி'யோடு. அதே வருடம் தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ். 2005 வரை 500 இதழ்கள். இவையெல்லாம் பெட்டிக்கடையில், பஸ் ஸ்டாண்டில் தொங்கின. ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் படித்தார்கள். வாடகை நூலகத்தில் பத்துப் பைசாவுக்கும் நாலணாவுக்கும் சுற்றின. அட்டை கிழிந்து, முதல் பக்கம் போய், கடைசியில் கதையின் முடிவே இல்லாமல் ஒருவன் படித்து முடித்தான். தமிழில் ஒரு பழைய இதழ் அபூர்வமாகக் காரணம், அதைப் படித்தே தீர்த்துவிட்டார்கள் என்பதுதான். மிச்சம் தப்பியதைத்தான் இப்போது "மின்ட் கண்டிஷன்" என்று உறையில் போட்டு, யாரும் தொடக்கூடாது என்கிறோம்.

'ரத்தப் படலம்' விஷயத்தில் இது அம்மணமாகவே தெரிந்தது. 2010-இல் லயன் அந்தத் தொடரைக் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாக 200 ரூபாய்க்குப் போட்டது. பிரதிகள் தீர்ந்தன. அப்புறம் அதே புத்தகம் கள்ளச் சந்தையில் ஆயிரக்கணக்கில் விலை போனது. முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கிய வாசகர்களில் சிலரே ஒன்றுக்கு மூன்றாக வாங்கிப் பதுக்கினார்கள் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 2018-இல் வண்ணத்தில் மறுபதிப்பு வந்தபோது கொண்டாடியவர்கள் பலர். முகம் சுருங்கியவர்களும் உண்டு. தன் கையில் இருப்பது இன்னும் நாலு பேருக்குக் கிடைத்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவரை வாசகர் என்று எந்த அகராதியின்படி சொல்வது?

இவர்கள் கண்ணுக்குத் தப்புகிற இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கோபம். தமிழுக்கென்று நிஜமான வேரியன்ட் உண்டு. அது அட்டையில் இல்லை, வசனத்தில் இருக்கிறது. ஃபேன்டம் முத்துவில் வேதாளர், ராணியில் மாயாவி. முத்துவின் மாயாவியோ முற்றிலும் வேறு ஆள். ஒரே ஆங்கிலக் கீற்றை இரண்டு பதிப்பகங்கள் இரண்டு தமிழில் பேச வைத்திருக்கின்றன. காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் பழைய கதைகள் திரும்ப வந்தன. ஆப்பிரிக்கக் காட்டு ராஜாவைச் சென்னைக்குத் தெற்கே இருக்கும் ஒரு பையன் புரிந்துகொள்ள எந்தச் சொல்லைப் போட்டார்கள், எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள், அடியாள் எப்போது "பாஸ்" என்றும் எப்போது "தலைவரே" என்றும் கூப்பிட ஆரம்பித்தான்? எழுபதுகளிலிருந்து தமிழ்ப் பேச்சு அச்சில் எப்படி ஏறியது என்று எழுத நினைப்பவருக்கு இது தங்கச் சுரங்கம். அதற்கு இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பதிப்பு ஈரோட்டில் ஒருவரின் பீரோவில், இன்னொன்று சிங்கப்பூரில் ஒருவரின் பீரோவில் இருந்தால் எப்படிப் பார்ப்பது? கேட்டால் அட்டைப் படம் அனுப்புவார்கள். மூன்றாம் பக்க வசனம் என்ன என்று கேட்டால், "உறையைப் பிரிக்க முடியாது தம்பி, ஸ்பைன் போயிரும்" என்பார்கள்.

ஸ்பைன் எப்படியும் போகத்தான் போகிறது. இவை அச்சானது மலிவுக் காகிதத்தில். மரக்கூழில் இருக்கும் லிக்னின் தன்னாலேயே அமிலமாகிக் காகிதத்தைப் பழுப்பாக்கி, மடித்தால் உடைகிற அளவுக்குக் கொண்டுவந்துவிடும். மலிவான பிவிசி உறை அதை வேகப்படுத்தும். மரக்காணம் மாதிரி ஊரில் இன்னும் மோசம்: உப்புக் காற்றில் முதலில் போவது நடுவில் குத்திய பின். துருப்பிடித்து, சுற்றிச் செம்மண் நிறத்தில் கறை ஏறி, நடுத்தாள் கழன்று வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது இந்தக் கரையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர், எது முத்து, எது பால் கார்டு என்று பார்க்கவில்லை. ஒரே பிரதி, ஒரே அலமாரி, ஒரே ஆள். மென்பொருள் வேலையில் இப்படி ஒரு டேட்டாவை ஒரே மெஷினில் வைத்திருந்தால் என் மேனேஜர் என்னைக் கொன்றுவிடுவார்.

சேகரிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரும் சேகரித்தவர்தான். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கினார். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை எடுத்து வைத்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே 1994-இல் நூலகமாக்கியது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்டுப் படிக்கலாம். அவர் குப்பையிலிருந்து எடுத்ததும் மலிவு விலைக்குத்தான். ஆனால் எடுத்தது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

"அப்போ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இலவசமா விடச் சொல்றியா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. அது சிவகாசியில் இன்றும் இதழ் போட்டுக்கொண்டிருக்கிற சின்னப் பதிப்பகத்தின் சோற்றில் மண். சட்டத்திலேயே வேறு வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, லாப நோக்கமில்லாத பொது நூலகம் ஒன்று தன்னிடம் காகிதப் பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இந்தியாவில் விற்பனையில் இல்லாத புத்தகமென்றால் நூலகத்தின் பயன்பாட்டுக்கு மூன்று நகல் வரை எடுக்கலாம். முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: நூலகத்தில் காகிதப் பிரதி இருக்க வேண்டும். அது இருப்பது உங்கள் பீரோவில்.

மூலத்தைக் கொடுக்க மனசு வரவில்லையா, புரிகிறது. உங்களிடம் இரட்டைப் பிரதி உண்டு, எல்லோரிடமும் உண்டு, மாற்றிக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். அந்தப் பெட்டியைக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் இதழ் எண், மாதம், வருடம், பக்க எண்ணிக்கை, விலை, எந்த மூலக் கதை என்று ஒரு எக்ஸெல் தாளில் போட்டுக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அடுத்த முறை பேப்பர் கடையில் கட்டு கிடைத்தால், கட்டைப் போட்டது யார் என்று கடைக்காரரைக் கேளுங்கள். மரக்காணத்தில் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த அக்கா வீட்டுக்குப் போய், "இது இவ்வளவு போகும்க்கா" என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள். அப்போதும் உங்களுக்கு லாபம்தான் வரும்.

ரோஜா முத்தையா நூலகம் தரமணியில் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து ஈசிஆர் பஸ் ஏறி, திருவான்மியூரில் இறங்கினால் ஷேர் ஆட்டோ தூரம். பெட்டி கனமாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.