உழவர் பட்டியலுக்குப் பூட்டு எங்கே?

புது தில்லி: நாட்டில் 11 கோடி விவசாயிகளுக்குத் தனித்தனி அடையாள எண் வழங்கும் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ. 2,817 கோடி. விவசாயியின் ஆதார், அவரது பெயரில் உள்ள நிலம், அதில் விளையும் பயிர் ஆகிய விவரங்கள் இந்த எண்ணோடு இணைகின்றன. மானியமும் பயிர்க்கடனும் அலைச்சலின்றிக் கிடைக்கும் என்கிறது அரசு. கிடைக்கலாம். ஆனால், இந்தப் பட்டியலைக் காப்பது யார் என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் உரக்க எழுப்பப்படவே இல்லை.

கணினி ஊடுருவல் என்றதும் எங்கோ அயல்நாட்டில் அமர்ந்திருக்கும் கொள்ளையனே நினைவுக்கு வருகிறான். நம் வேளாண் துறையின் அனுபவமோ வேறு. ஆண்டுக்கு ரூ. 6 ஆயிரம் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில் 2020-இல் தமிழகத்தில் நடந்த மோசடிக்கு எந்த நிபுணனும் தேவைப்படவில்லை. பயனாளிகளைச் சேர்க்க அதிகாரிகளுக்குத் தரப்பட்ட கடவுச்சொற்கள் இடைத்தரகர்களின் கைக்குப் போயின. தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறினர், சுமார் ரூ. 110 கோடி வெளியேறியது. சிபிசிஐடி விசாரணையும் கைதுகளும் நடந்தன.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2018-இல், உத்தரப் பிரதேச நியாய விலைக் கடைகளில் நடந்தது இன்னும் நுட்பமானது. கைரேகை வைத்தால்தான் தானியம் என்ற ஏற்பாட்டையே அங்கு ஏமாற்றினர். தகவல் தொகுப்பில் அட்டைதாரரின் ஆதார் எண்ணை நீக்கிவிட்டு வேறொருவரின் எண்ணைச் சேர்ப்பது. அவரது விரலை வைத்துத் தானியத்தை எடுப்பது. பின்னர் பழைய எண்ணையே திரும்பப் பதிவது. 40-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இது நடந்தது தெரிய வந்தது. இயந்திரத்தின் கணக்குப்படி எல்லாம் சரியாகவே இருந்தன என்பதுதான் இதில் கவலைக்குரியது.

2022-இல் கிசான் திட்ட இணையதளத்திலேயே ஓட்டை காணப்பட்டது. கோடிக்கணக்கான விவசாயிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரியும் நிலையில் இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் ஜனவரியில் கண்டறிந்து, கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்'-னுக்குத் தெரிவித்தார். ஓட்டை அடைபட்டது மே மாத இறுதியில்.

பணயத் தொகை கேட்கும் கும்பல்களின் கண் உணவுத் துறை மீது விழுந்து நாளாகிறது. 2021-இல் உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான 'ஜேபிஎஸ்' 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்துத் தப்பியது. அதே ஆண்டு அறுவடைக் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தானியக் கூட்டுறவு ஒன்று முடக்கப்பட்டது. விதைப்பும் அறுவடையும் காத்திருக்காது என்பதை அக்கும்பல்கள் நன்கறியும் என, 2022-இல் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எச்சரித்தது.

இங்கு காத்திருக்க முடியாதவை இன்னும் அதிகம். குஜராத்தின் 'அமுல்' கூட்டமைப்புக்கு மட்டும் சுமார் 36 லட்சம் உற்பத்தியாளர்கள் பால் ஊற்றுகின்றனர். காலையில் கறந்த பால் மாலை வரை தாங்காது. பொது விநியோகத்தை நம்பியிருப்போர் சுமார் 80 கோடிப் பேர். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்தில் எழுதிச் சமாளித்தனர். நியாய விலைக் கடையில் அந்தக் காகிதப் பேரேடு இப்போது எத்தனை இடங்களில் இருக்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், முக்கியத் தகவல் கட்டமைப்புகளைக் காக்கும் தேசிய மையம் 2014-இல் அமைக்கப்பட்டது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து எனத் துறைகள் பட்டியலிடப்பட்டன. வேளாண்மைக்கும் உணவுக்கும் அதில் தனி இடம் தரப்படவில்லை. அரசின் சர்வர்கள் 'அரசு' என்ற தலைப்பில் அடங்கும் என்று அதிகாரிகள் வாதிடலாம். கூட்டுறவுப் பால் சங்கமும் குளிர்பதனக் கிடங்கும் எந்தத் தலைப்பில் அடங்கும்? அமெரிக்கா 2003-லேயே உணவையும் வேளாண்மையையும் முக்கியக் கட்டமைப்பாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவு உற்பத்தியையும் விநியோகத்தையும் தன் சட்டத்தில் சேர்த்தது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் தெளிவில்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. நில ஆவணங்களும் மாநிலங்களுடையவை. பதிவேட்டை உருவாக்கும் மாநிலங்களுக்கு ஊக்கமாக 2024-25-இல் ரூ. 5 ஆயிரம் கோடியை மத்திய அரசு ஒதுக்கியது. பதிவுக்கு ஊக்கத்தொகை உண்டு. கசிவு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியது தில்லியா, மாநிலத் தலைநகரா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலங்களவைக்கு வந்தபோது, மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்தன. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மானியம், சலுகை வழங்குவதற்காக அரசு தரவுகளைக் கையாள, ஒப்புதலைப் புதிதாகப் பெற வேண்டியதில்லை என்ற விலக்கும் அதில் உண்டு. விவசாயியின் விவரங்களில் பெரும்பகுதி அந்த விலக்குக்குள்தான் வரும். கசிவுக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் கணக்குப்படி அவை நடைமுறைக்கு வருவது 2027 மே மாதம். 11 கோடி விவசாயிகளின் பதிவை முடிக்க அமைச்சரவை வைத்த இலக்கு 2026-27 நிதியாண்டு, அதாவது 2027 மார்ச்.