ஒற்றை மரபணுவால் உப்பு தீராது

தக்காளியின் உப்புத் தாங்குதிறனை ஒரே மரபணுவால் உயர்த்திவிடலாம் என்ற வாதத்துக்கு 2001-இல் வந்த ஓர் ஆய்வே இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது. அராபிடாப்சிஸ் செடியின் மரபணு ஒன்றை ஆய்வாளர்கள் புளும்வால்டும் ஜாங்கும் தக்காளியில் மிகுதியாக இயங்கச் செய்தனர். சோடியம் இலைச் செல்களின் நுண்குமிழிகளுக்குள் அடைபட்டது. கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பிலும் செடி காய்த்தது. பழத்தில் உப்பு அதிகம் ஏறவில்லை. மிக அருமையான ஆய்வு. ஆனால் அதை வைத்து வயலுக்குத் தீர்ப்பு எழுதுவது பிழை.

அந்தச் செடிகள் வளர்ந்த பசுமைக்குடிலில் உப்பின் அளவு ஆய்வாளர் கையில் இருக்கிறது. வயலிலோ அது மழைக்கும் பாசனத்துக்கும் ஏற்ப மாறும், மண்ணின் ஆழத்துக்கு ஆழம் வேறுபடும். முளைக்கும்போது தாங்கும் செடி காய்க்கும்போதும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. வேர் சோடியத்தைத் தடுப்பது, தண்டு அதை மேலேறவிடாமல் மீட்பது, இலை அதை ஒதுக்கிவைப்பது என ஒவ்வொன்றையும் வெவ்வேறு மரபணுக்கள் ஆள்கின்றன.

அளவுகோலும் பிழைதான். செடி பிழைத்தது என்பது உழவருக்குப் போதாது. மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் தக்காளி விளைச்சல் சுமார் 10 விழுக்காடு சரிகிறது. இந்தச் சரிவை வயலில், பல பருவங்களில் குறைத்துக் காட்டும் இரகமே உப்பைத் தாங்கும் இரகம். கலாபகசுத் தீவுகளின் கடலோரக் காட்டுத் தக்காளியோடு செய்யும் கலப்பும், தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதும் இதே சோதனைக்கு உட்பட்டவையே.