தூங்க மறுத்த ஆப்பிள்!

எட்டு மணி கிளாஸுக்கு ஏழு அம்பத்தஞ்சுக்கு எழுந்திரிக்கிற கோஷ்டி நாம. தூக்கம் வரலைங்கிற பேச்சே நம்ம ஹாஸ்டல் ஹிஸ்டரியில் கிடையாது. அப்பேர்ப்பட்ட நான், ஒருத்தரைத் தூங்க வைக்க முடியாம நாலு வாரம் லோலோன்னு அலைஞ்சேன். அந்த ஒருத்தர்... ஒரு கம்ப்யூட்டர்!

எங்க ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல பஸ் நிற்கிற பேரூர். நான் படிக்கிறது சிதம்பரத்தில். ஊர்ல பெரியப்பா பையன் கல்யாண வீடியோ, ஆல்பம் பண்ற ஸ்டுடியோ வெச்சிருக்கார். "தம்பி, பெரிய ஸ்டுடியோக்காரன் எல்லாம் மேக்ல எடிட் பண்றான்டா. நமக்கும் ஒண்ணு வாங்கணும். ஆனா பட்ஜெட்தான்..."னு இழுத்தார். நான் உடனே நெஞ்சை நிமிர்த்தி, "அண்ணே, வாங்குறது எதுக்கு? நான் செஞ்சே தர்றேன்"னு சொல்லிட்டேன். வாய்... எல்லாம் இந்த வாய்தான்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெண்டு நாள் சுத்தி, பழைய பார்ட்ஸா வாங்கினேன். இன்டெல் ஐ5 8400 பிராசஸர், இசட்370 போர்டு, ஆர்.எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. சாதாரண பி.சி-யில் ஆப்பிளோட மேக் ஓ.எஸ்-ஸை ஓட வைக்கிற இந்த வேலைக்குப் பேர்தான் 'ஹாக்கின்டோஷ்'. இதுக்கு வழி பிறந்தது 2005 ஜூன்ல. இனிமே மேக்குக்குள்ளேயும் இன்டெல் சிப்தான்னு ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவிச்சார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. உள்ளே இருக்கிற சிப் ஒண்ணுதான்னா, நம்ம வீட்டுப் பொட்டியில ஏன் ஓடாதுன்னு உலகம் பூரா பசங்க கிளம்பிட்டாங்க.

எனக்கும் ஓடிச்சு பாஸ்! திரையில ஆப்பிள் லோகோ வந்ததும் அண்ணன் கண்ணுல தண்ணி. பெரியம்மா அன்னிக்கு வடை, பாயசம். நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறிட்டேன். நாலாவது நாள் போன் வந்தது.

"தம்பி, இது பேய் புடிச்ச பொட்டிடா!"

<b>எலுமிச்சம்பழ வைத்தியம்</b>

விஷயம் இதுதான். அண்ணன் 'ஸ்லீப்' கொடுப்பார். திரை அணையும், ஃபேன் நிற்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணி முடிக்கிறதுக்குள்ள அதுவா எழுந்து உட்கார்ந்துக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டுடியோ ஜன்னல்ல வெளிச்சம். பயந்து போன பெரியம்மா கேபினெட் மேல ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சுட்டாங்க. ஆப்பிளுக்குத் துணையா எலுமிச்சை!

அதோட விட்டிருந்தா காமெடி. ஒவ்வொரு தடவை தூங்கி எழும்போதும், யூ.எஸ்.பி-யில் மாட்டியிருந்த ஹார்டு டிஸ்க் 'என்னைச் சரியா எஜெக்ட் பண்ணலை'ன்னு கோவிச்சுக்கிட்டுக் கழண்டு போயிட்டு இருந்தது. அதுல இருந்தது ஒரு வைகாசி முகூர்த்தக் கல்யாணத்தோட மொத்த ஃபுட்டேஜ். மறுநாள் இன்னொரு கல்யாணம் இருந்ததால, மெயின் கேமராவோட மெமரி கார்டை அண்ணன் ஏற்கெனவே ஃபார்மட் பண்ணிட்டார். ஒரு காப்பிதான். அந்த ஒரு காப்பிதான் கழண்டு கழண்டு மாட்டிக்கிட்டு இருந்தது.

ஒருநாள் மாட்டவே இல்லை.

ரெண்டு ராத்திரி ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டு முக்கால்வாசி மீட்டோம். போனது பதினோரு ஃபைல். அதில் ஒண்ணு, தாலி கட்டுற ஃபைல். நல்லவேளை, ரெண்டாவது கேமராவில் அந்தக் காட்சி இருந்தது. ஆனா ஃபிரேமில் பாதி, முன்னால நின்ன ஒரு மாமாவோட பின்னந்தலை! பொண்ணோட அப்பாகிட்ட அண்ணன் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். அவர் திட்டலை. "பரவால்ல விடுங்க தம்பி"ன்னார். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அண்ணனும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா தப்பு என்னோடது. லோகோ வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நெனைச்சேன். தூங்கி எழுதான்னு ஒரே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலை.

<b>மூணு வியாதி, மூணு மருந்து</b>

முதல்ல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எஸ்.எம்.பி.எஸ் மாத்தினேன், ராம் மாத்தினேன், ஓ.எஸ்-ஸையே திரும்பப் போட்டேன். ஒரே நேரத்துல நாலு செட்டிங் மாத்தினேன். எது சரி, எது தப்புன்னு எனக்கே புரியலை. காய்ச்சல்னு வந்தவனுக்கு நாலு டாக்டர் மருந்தையும் ஒண்ணாக் கலக்கிக் குடுத்த கதை!

அப்புறம் நிதானமா உட்கார்ந்தேன். 'தூக்கப் பிரச்னை'ங்கிறது ஒரு வியாதி இல்லை மக்களே, மூணு.

ஒண்ணு, தூங்கவே போகாது. ஏதோ ஒரு புரோகிராம் அதைப் புடிச்சு வெச்சிருக்கும். பாதியில நிற்கிற பிரின்ட், ஓடிக்கிட்டிருக்கிற எக்ஸ்போர்ட், இப்படி. ரெண்டு, தூங்கிட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. ஃபேன் சுத்தும், திரை மட்டும் இருட்டு. அங்கே பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு, பயாஸ் செட்டிங் பக்கம் போய்ப் பார்க்கணும். மூணாவது எங்க கேஸ். தூங்கும், உடனே எழுந்திரிக்கும்.

எழுப்பினது யாருன்னு கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்கும். டெர்மினலைத் திறந்து 'பி.எம்.செட்' கமாண்டில் லாக் எடுத்துப் பாருங்க, 'வேக் ரீசன்'னு ஒரு வரி வரும். அதுல ஆர்.டி.சி-ன்னு இருந்தா உள்ளே இருக்கிற கடிகாரம் அலாரம் அடிச்சிருக்கு. பவர் பட்டன் பேர் இருந்தா யாரோ கை வெச்சிருக்காங்க. எங்க லாக்கில் பதினேழு தடவையும் ஒரே பேர்: எக்ஸ்.ஹெச்.சி. அதாவது யூ.எஸ்.பி கன்ட்ரோலர்! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தூக்கத்தைக் கெடுத்தவனும், டிஸ்க்கைக் கழட்டி விட்டவனும் ஒரே ஆள்தான்.

<b>பதினஞ்சுக்கு மேல போகாதே!</b>

இங்கதான் மேட்டரே. 2015-ல் வந்த எல் கேப்பிட்டன் வெர்ஷன்லேர்ந்து, மேக் ஓ.எஸ் ஒரு யூ.எஸ்.பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல ஏத்துக்காது. ஏன் 15? நம்ம முதல் வருஷ ஹெக்ஸாடெசிமல் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. ஒவ்வொரு போர்ட்டுக்கும் அட்ரஸ்ல ஒரே ஒரு ஹெக்ஸ் இலக்கம்தான். 0-ன்னா 'யாரும் இல்லை'. மிச்சம் 1-லேர்ந்து எஃப் வரைக்கும். எண்ணிப் பாருங்க, 15!

ஆப்பிள் தன்னோட மெஷினைத் தானே டிசைன் பண்ணுது. எந்த போர்ட் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். நம்ம இசட்370 மாதிரி போர்டு, பொட்டியில இருக்கிறது, இல்லாதது எல்லாம் சேர்த்து 26 போர்ட் வரைக்கும் லிஸ்ட் குடுக்கும். வரிசையில முன்னால இருக்கிற பழைய யூ.எஸ்.பி 2 போர்ட்டுங்க எல்லா சீட்டிலும் துண்டு போட்டுடும். பின்னால வர்ற யூ.எஸ்.பி 3 போர்ட்டுங்களுக்கு ஃபுட்போர்டுதான்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. அந்த நீலக் கலர் ஓட்டை இருக்கே, அது ஒரு ஓட்டை, ஆனா ரெண்டு போர்ட்! உள்ளே பழைய 4 பின் (480 மெகாபிட் வேகம்), கூட புதுசா 5 பின் (5 கிகாபிட் வேகம்). பழைய பென் டிரைவ் சொருகினா முதல் போர்ட் முழிக்கும். புது பென் டிரைவ் சொருகினா ரெண்டாவது முழிக்கும்.

அதனால வேலை சிம்பிள்தான், பொறுமை மட்டும் வேணும். கையில ஒரு யூ.எஸ்.பி 2 பென் டிரைவ், ஒரு யூ.எஸ்.பி 3 பென் டிரைவ், ஒரு நோட்டு. ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டையும் சொருகி, எந்தப் பேர் முழிக்குதுன்னு எழுதுங்க. இதுக்குன்னே 'யூ.எஸ்.பி டூல்பாக்ஸ்'னு ஒரு இலவச டூல் இருக்கு, விண்டோஸ்லயே ஓடும். நான் அண்ணனோட ஆல்பம் அட்டையில பொட்டியோட படத்தையே வரைஞ்சு நம்பர் போட்டேன்.

எங்க கணக்கு: நீல ஓட்டை பின்னால 4, முன்னால 2. ஆக 6, ரெண்டால பெருக்கினா 12. கறுப்பு ஓட்டை பின்னால 2, முன்னால 2, ஆக 4. உள்ளே இருக்கிற புளூடூத் கார்டுக்கு 1. மொத்தம் 17. ரெண்டு பேர் இறங்கணும். முன்னால இருக்கிற கறுப்பு ரெண்டையும் இறக்கி விட்டேன். அதில் ஒண்ணு ஏற்கெனவே உடைஞ்சதுதான். மிச்சம் 15. ஹவுஸ்ஃபுல்!

டிஸ்க் கழண்டு போறது அதோட நின்னுடுச்சு. 'ஆஹா, ஜெயிச்சாச்சு'ன்னு ஸ்லீப் கொடுத்தா... ஒண்ணு, ரெண்டு, மூணு... திரும்ப எழுந்துடுச்சு!

லாக்கில் அதே எக்ஸ்.ஹெச்.சி. என் லிஸ்ட்டை மறுபடி வரி வரியாப் படிச்சேன். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அது எந்த வகைன்னு ஒரு நம்பர் குடுக்கணும். யூ.எஸ்.பி 2 ஓட்டைக்கு 0, யூ.எஸ்.பி 3 ஓட்டைக்கு 3, பொட்டிக்குள்ளேயே நிரந்தரமா இருக்கிறதுக்கு 255. நான் புளூடூத்துக்கும் 3 போட்டிருந்தேன். வீட்டுப் பிள்ளையை விருந்தாளின்னு எழுதி வெச்சா என்ன ஆகும்? ராத்திரியெல்லாம் யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு மெஷின் எழுந்து எழுந்து பார்த்துச்சு. 3-ஐ 255 ஆக்கினேன். அவ்வளவுதான். குறட்டை விட்டுத் தூங்கிச்சு!

இதுக்கும் அடங்கலைன்னா, யூ.எஸ்.பி-யால எழுப்பவே முடியாதபடி பண்ற ஒரு ஏ.சி.பி.ஐ பேட்ச் இருக்கு. ஆனா அப்புறம் கீபோர்டைத் தட்டினா எழாது, பவர் பட்டனைத்தான் அழுத்தணும். அது கடைசி மருந்து. மேப் போடாம அதுக்குத் தாவாதீங்க.

<b>நோட் பண்ணிக்கோங்க</b>

* ஒரு நேரத்துல ஒரு மாற்றம். மாத்தினதைத் தேதி போட்டு எழுதுங்க.
* டெஸ்ட் மூணு: முப்பது செகண்ட் தூக்கம், அரை மணி நேரத் தூக்கம், ஒரு ராத்திரித் தூக்கம். மூணும் வெளி டிஸ்க் மாட்டியிருக்கும்போதே. ஆனா அந்த டிஸ்க்கில் முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது.
* டெஸ்க்டாப் தூங்கும்போது எல்லாமே ராமில்தான் இருக்கும். நடுவுல கரன்ட் போய், யூ.பி.எஸ்-ஸும் கைவிட்டா, சேவ் பண்ணாதது அத்தனையும் அம்போ. தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி சேவ் பண்ணுங்க, டிஸ்க்கை எஜெக்ட் பண்ணுங்க.
* ரெண்டு இடத்துல காப்பி எடுக்காம மெமரி கார்டை ஃபார்மட் பண்ணாதீங்க. இது மேக்குக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்!

<b>இப்போ ஒரு உண்மை</b>

இவ்வளவும் சொன்ன நான், இதையும் சொல்லணும். மேக் ஓ.எஸ்-ஸை ஆப்பிள் மெஷின்ல மட்டும்தான் போடணும்னு அதோட லைசென்ஸே சொல்லுது. அமெரிக்காவில் சைஸ்டார்னு ஒரு கம்பெனி 2008-ல் இப்படி மெஷின் செஞ்சு விற்க ஆரம்பிச்சது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-ல் ஜெயிச்சது. 2011-ல் அப்பீலும் தோத்துப் போச்சு. நாம கத்துக்கிறதுக்குப் பண்றோம்னு சமாதானம் சொல்லிக்கலாம். அதை வெச்சு அண்ணன் பிழைப்பு நடத்துறாருன்னா, அது வேற கதை. அதை நான் முதல் நாளே அவர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை.

போதாக்குறைக்கு, இந்த ரோடும் முடியப் போகுது. 2020-ல் ஆப்பிள் தன்னோட சொந்த சிப்புக்கு மாறிடுச்சு. 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி வெர்ஷன். 2024-ல் வந்த எம்4 மேக் மினி இங்கே 59,900 ரூபாய்க்கு அறிமுகமாச்சு. என் பார்ட்ஸ் செலவையும், பஸ் செலவையும், அந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்காம விட்ட பாக்கியையும் கூட்டிப் பாருங்க. எங்கேயோ பக்கத்துலதான் வருது!

போன மாசம் அண்ணன் தவணையில ஒரு மேக் மினி வாங்கிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. முதல் நாள் நான் லோகோவைப் பார்க்கலை. டிஸ்க்கை மாட்டி, தூங்க வெச்சு, எழுப்பிப் பார்த்தேன். மூணு தடவை. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "இப்பதான்டா நீ இன்ஜினீயரு"ன்னார்.

நான் கட்டின பொட்டி இப்போ என் ஹாஸ்டல் ரூம்ல. ஐபோன் ஆப் எழுதக் கத்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அது ஜம்முனு தூங்குது. நான்தான் முழிச்சிருக்கேன்... திங்கட்கிழமை இன்டர்னல்ஸ் மக்களே!

மெஷின் ஓடுதான்னு பார்த்தா போதாது, தூங்கி எழுதான்னும் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம், வர்ட்டா!