எதிரொலியும் ஈரமும்

சென்ற மாதம் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் நண்பர் ஒருவர் திரையிலே வண்ணப் படமொன்றைக் காட்டி, "இதோ, இந்த மாவட்டத்து மண்ணின் ஈரம்!" என்றார். நீலம் என்றால் ஈரம். பழுப்பு என்றால் வறட்சி. அந்த மாவட்டத்து மண்ணில் ஒரு நாளாவது கால் வைத்ததுண்டா என்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது; பதில் எழவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் உரிமையில்லை. சென்ற ஆண்டு வரை நானும் அவர் கட்சிதான்.

ரேடாரின் அருமையை நான் மறுக்கவில்லை. தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியை வாங்கும் கருவி அது. இரவும் மழைமேகமும் அதற்குத் தடையல்ல. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து சமைத்த நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 12 நாளைக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்புவது. உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி 3 அல்லது 4. தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. ஆகவே மண் நனைய நனைய எதிரொலி வலுக்கும். அந்த வலுவைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிடுகிறோம்.

ஆனால் எதிரொலி வலுக்க வேறு காரணங்களும் உண்டன்றோ? சென்டினல்-1 அனுப்பிய படத்தைக் கொண்டு நான் போட்ட கணக்கில், ஒரு வயல் நல்ல நீலமாய் வந்தது. தகர டப்பியும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். புதிதாக உழுத வயல். கட்டி கட்டியாக மண். கையில் எடுத்தால் புழுதி. தண்ணீர் விட்டு இருபது நாளாயிற்று என்றார் வயலுக்குரிய பெரியவர். ரேடார் கண்டது ஈரத்தையன்று, கரடுமுரடான மேட்டையும் பள்ளத்தையுமே. பயிர் வளர்ந்துவிட்டாலோ, இலையும் தண்டும் வேறு குறுக்கிடும். இவையெல்லாம் இல்லையென்றாலும், ரேடாருக்கு எட்டுவது மேல்மண்ணில் சில சென்டிமீட்டர்தான். கோதுமையின் வேரோ ஒரு மீட்டருக்குக் கீழேயும் இறங்கும்.

இது வெறும் ஆராய்ச்சிச் சண்டையானால் எழுதியிருக்க மாட்டேன். வறட்சியை அறிவிப்பதற்கென மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட கையேட்டில் மண்ணின் ஈரமும் ஓர் அளவுகோல். பழுப்பாக வரவேண்டிய இடம் நீலமாக வந்தால், ஓர் ஊருக்கு நிவாரணம் தவறிப் போகலாம். இவ்வளவு இருந்தும் நம் கூடங்களில் படத்துக்கு உள்ள மதிப்பு மண்வெட்டிக்கு இல்லை. புதிய கணினிக்குப் பணம் கிடைக்கிறது. வயலுக்குப் போகப் பஸ் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஈரப் படம் போடும் ஒவ்வோர் ஆய்வேடும், எத்தனை இடத்தில் எந்தெந்த நாளில் மண் தோண்டிப் பார்த்தோம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. தோண்டவில்லையென்றால் அதையும் சொல்லட்டும்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. மண்ணை எடையிட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடையிட வேண்டும்; குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர். ஆனால் கோள் கடக்கும் அன்றே எடுத்தாக வேண்டும். இடையில் ஒரு மழை பெய்தால் எல்லாம் வீண். அடுத்த முறை கடக்கும்போது நாற்பது இடத்தில் எடுக்க உத்தேசம். என்னிடம் டப்பிகள் இருக்கின்றன, கைகள்தாம் போதவில்லை. தமிழிலக்கியம் படிப்பவராயினும் வரலாம்.