கலம் நின்ற இடம்

ஒரே கலத்திலிருந்து தோன்றும் உடலில் ஒரு கலம் நரம்பாகவும் இன்னொன்று தசையாகவும் மாறுவது எங்ஙனம்? முளையவியலை மனனப் பாடமென்று வெறுக்கும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. கலங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுத் தொகுதியையே உடையன. அவற்றுள் எவை தொழிற்படுகின்றன என்பதிலேதான் வேறுபாடு. தொழிற்படும் பரம்பரையலகு தன் படிகளை ஆர்.என்.ஏ. வடிவில் கலத்தினுள் விடுகின்றது.

அப்படிகளைக் கலந்தோறும் எண்ண இன்று இயலும். அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 61 சுண்டெலி முளையங்களைக் கலைத்து, ஏறத்தாழ 20 இலட்சம் கலங்களின் கணக்கை 2019 இல் வெளியிட்டனர். வியத்தகு செயலே. ஆயினும், சபையைக் கலைத்துவிட்டு வந்தோரின் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்திருப்பது போன்றது அது. யாரருகே யாரிருந்தார் என்பது போயிற்று.

முளையத்திலோ அயலே பெரிது. 1924 இல் ஜேர்மனியில் ஸ்பீமனும் ஹில்டா மங்கோல்டும் நியூற்று என்னும் ஈரூடகவாழியின் முளையத்திலிருந்து சிறு துண்டொன்றை வேறொரு முளையத்தில் ஒட்டினர். அங்கிருந்த கலங்கள் தம் வழி மாறி இரண்டாவது நரம்புத்தொகுதியை ஆக்கின!

ஆதலால், இப்போது முளையத்தைக் கலைக்காது மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிரும் சாயங்கொண்டு ஆர்.என்.ஏ.யை இருந்த இடத்திலேயே நுணுக்குக்காட்டியிற் காண்கின்றனர். 2022 இல் வெளிவந்த ஆய்வொன்றில் சுண்டெலி முளையத்தின் 387 பரம்பரையலகுகள் இவ்வாறு படமாயின. நடுமூளையும் பின்மூளையும் பிரியும் எல்லை அதிலே தெளிந்தது.

எனினும், வெட்டிய முளையம் வளராது. வெவ்வேறு முளையங்களின் படங்களைக் கால வரிசையில் அடுக்கியே வளர்ச்சியை ஊகிக்கின்றோம். 1983 இல் ஜோன் சல்ஸ்ரன் குழுவினர் உருளைப்புழுவொன்றின் முளையத்தை உயிருடன் நோக்கி, கலப்பிரிவு ஒவ்வொன்றையும் பதிந்தனர். அப்புழு ஒளிபுகும் உடலுடையது. தாய் வயிற்றிலுள்ள சுண்டெலிக்கு அவ்வசதி இல்லை.