எங்க டாஷ்போர்டில் பச்சை எரியும், நத்தை செத்துப்போகும்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு 'நீர் மாசு கண்காணிப்புக் கருவி'. பி.ஹெச், கலங்கல், வெப்பநிலைன்னு மூணு சென்சார். மூணும் சரியா இருந்தா டாஷ்போர்டில் பச்சை எரியும். ரிவ்யூவில் நல்ல மார்க் வந்தது. எனக்கும் பெருமைதான், பிளிமத் நத்தைகளைப் பற்றிப் படிக்கிற வரைக்கும்.

இங்கிலாந்தின் பிளிமத் கடலோரப் பாறைகளில் 'டாக் வெல்க்' என்ற நத்தை இருக்கு. 1970-ல் அங்கே பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு போல ஒன்று முளைத்திருப்பதைக் கவனித்தார்கள். அடுத்த வருஷமே அமெரிக்காவில் வேறொரு நத்தையிலும் இதைப் பார்த்து 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் டிரைபியூட்டைல்டின், சுருக்கமா டி.பி.டி. கப்பலின் அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பெயின்ட்டில் கலந்த ரசாயனம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம் அளவு போதும், மாற்றம் தொடங்கிவிடும். அளவு கூடினால் புதிதாக வளரும் குழாய் முட்டை வெளியேறும் வழியை அடைத்துவிடும். முட்டை உள்ளேயே தங்கி, நத்தை செத்துப்போகும்.

அந்தத் தண்ணீரில் எங்க கருவியைப் போட்டிருந்தால்? பச்சைதான் எரிந்திருக்கும்!

"இன்னொரு சென்சார் சேர்த்துட்டா போச்சு"ன்னு நண்பன் சொன்னான். எதைத் தேடணும்னு முன்கூட்டியே தெரிந்தால்தானே சேர்க்க முடியும்? சென்சார் நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நத்தை அப்படியில்லை. டாக் வெல்க் குஞ்சுகள் கடலில் மிதந்து போவதில்லை, பொரித்த பாறையிலேயே ஊர்ந்து வளரும். அதனால் அந்த இடத்துத் தண்ணீர் பல மாதமா என்ன செய்ததோ, அதெல்லாம் அதன் உடம்பில் பதிவாகியிருக்கும்.

நத்தை போதும், கருவி வேண்டாம்னு சொல்லவில்லை. டிரைபீனைல்டின் என்ற இன்னொரு வெள்ளீயச் சேர்மமும் சில நத்தைகளில் இதே மாற்றத்தை உண்டாக்கும். எது காரணம், எவ்வளவு இருக்குன்னு லேப்தான் சொல்லணும். ஆனால் 'இங்கே ஏதோ தப்பா இருக்கு' என்ற முதல் குரல் நத்தையோடது. அந்தக் குரலும் ஒரு காரணமாக, 1987-ல் பிரிட்டன் சின்னப் படகுகளுக்கு இந்தப் பெயின்ட்டைத் தடை செய்தது. 2008-ல் கப்பல்களுக்கான உலக ஒப்பந்தமும் அமலுக்கு வந்தது. பல இடங்களில் நத்தைகள் மீண்டு வந்தன.

ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மாசு கண்காணிப்பு' என்று தலைப்பு வைத்தால், எதையெல்லாம் உங்க கருவி அளக்காது என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதுங்க. முடிந்தால் விலங்கியல் படிக்கிற ஒருத்தரை டீமில் சேருங்க. எங்க ரிப்போர்ட்டில் அந்தப் பக்கம் இல்லை. பச்சை விளக்கு மட்டும்தான் இருக்கு.