மரம் நட்டால் மட்டும் போதுமா? நம் பிள்ளைகளின் காலநிலைப் பாடம்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, புத்தளம் கரையோரப் பாடசாலைகளில் நம் பிள்ளைகள் மரக்கன்று நடுகிறார்கள். பொலித்தீன் எரிக்கக்கூடாது, விளக்கை அணைக்க வேண்டும், காலநிலை மாற்றத்துக்கு மனிதனே காரணம் என்று மேடையில் பேசுகிறார்கள். பேசி முடித்த பிள்ளை திரும்பி வருவது ஒரு பல்பும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கு. அங்கே எந்த விளக்கை அணைப்பது?

மரம் நடுவதை நாம் எதிர்க்கவில்லை. எத்தனை நட்டாலும் நல்லது. "மனிதனே காரணம்" என்ற அந்த ஒரு வரியைத்தான் எதிர்க்கிறோம். எந்த மனிதன் என்று அந்த வரி சொல்வதில்லை. எல்லோரும் காரணம் என்றால் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. நம் பிள்ளைகள் கணக்குக் கேட்கத் தெரிந்தவர்களாக வளர வேண்டும்.

காரணம் எங்கே இருக்கிறது?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரியும்போது காபனீரொட்சைட்டு வெளியாகிறது. அது பூமியைப் போர்வைபோல மூடி, வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இயந்திரத் தொழிற்சாலைகள் வருமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்கு இந்த வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவும் பாடப்புத்தகத்துக்குள் அடங்கும். அடுத்த கேள்விதான் முக்கியம்: யார் எரித்தது?

ஒரு அமெரிக்கர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 14 தொன் அளவில் இந்த வாயு வெளியாகக் காரணமாகிறார். இலங்கையில் ஒருவரின் சராசரி சுமார் 1 தொன். அந்த 1 தொன்னிலும் கொழும்பில் குளிரூட்டிய மாளிகையில் வாழ்பவரின் பங்கும் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவரின் பங்கும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் பிள்ளையிடம் "நீயும் காரணம்" என்பது, கடன் வாங்காதவனிடம் வட்டி கேட்பதுபோல.

நமது மாவட்டத்திலேயே ஒரு பெரிய புகைபோக்கி நிற்கிறது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆனது. நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையம் இதுதான். மின்சாரம் நாடு முழுவதற்கும் போகிறது. சாம்பல் தூசியைப் பற்றி முறையிடுபவர்கள் கற்பிட்டிக் குடாநாட்டு மக்கள். அங்கே வேலை செய்யும் தொழிலாளி நமக்கு எதிரி அல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான்.

இரண்டாவது காரணமும் கண்முன் இருக்கிறது. 1980களில் தொடங்கி, புத்தளம் முதல் சிலாபம் வரை களப்போரக் கண்டல் காடுகளை வெட்டி இறால் பண்ணைகள் அமைத்தார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது. இலாபம் எடுத்தவர்களில் பலர் போய்விட்டார்கள். உப்பேறிய வெறுங்குளங்கள் மிஞ்சின. கண்டல் காட்டின் சேறு, அதே பரப்பளவுத் தரைக்காட்டைவிடப் பல மடங்கு காபனைச் சேமிக்கும். வேர்கள் அலையைத் தடுக்கும், மீன்குஞ்சுக்கு இடம் கொடுக்கும். மரம் நடும் விழாவில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை, இருந்த மரத்தை யார் வெட்டினார்கள் என்பது.

விளைவு யார் தலையில் விழுகிறது?

தென்னை மாதத்துக்கு ஒரு பாளை விடும். பாளை வெடித்து, தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆகவே இந்த வருட வறட்சியின் அடி அடுத்த வருடப் பறியில்தான் விழும். கடும் வெப்பத்தில் மகரந்தம் கெட்டு, குரும்பை உதிரும். 2016இல் சுமார் 300 கோடி தேங்காய் விளைந்த நாட்டில், வறட்சிக்குப் பின் 2017இல் கிடைத்தது சுமார் 245 கோடி.

இந்த இழப்பு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். காய் குறைந்தால் விலை ஏறுகிறது. 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. தோட்டக்காரருக்கு விளைச்சலில் போனதில் ஒரு பகுதியாவது விலையில் திரும்பி வரும். எண்ணிக்கைக் கூலிக்குப் பறிப்பவருக்கும் அலவாங்கில் உரிப்பவருக்கும் என்ன திரும்பி வரும்? காய் குறைந்தால் கூலி குறையும். அதே குறைந்த கூலியில் கறிக்கு ஒரு தேங்காய் வாங்கப் போனால் கூடிய விலை. நாம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறோம்.

வெப்பமே நம் சம்பளத்தில் கை வைக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் கொக்கைத்தடியை அண்ணாந்து பிடித்து நிற்பவரின் வேகம் பத்து மணிக்கு மேல் தளர்கிறது. தும்பு ஆலையில் தூசிக்கும் சூட்டுக்கும் நடுவே நிற்கும் பெண்களுக்கும் அப்படியே. எண்ணிக்கைக் கூலியில் களைப்பு என்பது நேரடியாகப் பணம். நிழலில் உட்கார்ந்தால் காசு போகும், உட்காராவிட்டால் உடம்பு போகும்.

தண்ணீரும் மாறுகிறது. கற்பிட்டியின் மணல் நிலத்தடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மழை பிந்தி, இறைப்புக் கூடினால் கீழிருந்து உப்பு ஏறும். கடல் மட்டமோ, நீர் சூடாகி விரிவதாலும் பனி உருகுவதாலும், 1900க்குப் பிறகு உலக அளவில் 20 சென்றிமீற்றர் வரை உயர்ந்துவிட்டது.

மழை வந்தாலும் நிம்மதி இல்லை. காற்று 1 பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண்சரிவு, இங்கே வெள்ளம். மேலே தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கும் கீழே தென்னந்தோட்டத்தில் இருப்பவருக்கும் இது ஒரே பிரச்சினை.

என்ன செய்ய வேண்டும்?

பாடப்புத்தகம் இரண்டு சொல் சொல்லும்: தணித்தல், இசைவாக்கம். வாயுவைக் குறைப்பது தணித்தல். வந்துவிட்ட மாற்றத்தோடு வாழ வழி செய்வது இசைவாக்கம். தோட்டத்தில் இசைவாக்கம் என்றால் மரத்தடியில் உரிமட்டை புதைத்து ஈரம் காப்பது என்று நிர்வாகம் சொல்கிறது. லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் அதையே பரிந்துரைக்கிறது, நல்ல முறைதான். ஆனால் மரத்தின் வேருக்கு ஈரம் தேடுபவர்கள், மரத்தடியில் நிற்பவருக்குக் குடிதண்ணீர் தேட மறக்கக்கூடாது.

ஆகவே நாம் கேட்பது:

1. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும் நாட்களில் விடியற்காலையில் வேலை தொடங்கி, உச்சி வெயிலில் நிறுத்த வேண்டும். நிழலும் குடிநீரும் வேண்டும். சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது.

2. காய் குறைந்த மாதங்களிலும் எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு நாட்சம்பளம் குறையாமல் கிடைக்க வேண்டும். சம்பளச் சபை இதை எழுத்தில் தர வேண்டும்.

3. கைவிடப்பட்ட இறால் குளங்களில் கண்டல் மீண்டும் வளர்க்க வேண்டும். அந்த வேலை கரையோர மக்களுக்குக் கூலியோடு கிடைக்க வேண்டும். பிள்ளைகளை வைத்து இலவசமாகச் செய்விக்கும் விழாவாக அது முடியக்கூடாது.

4. புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் 2021இல் உலகுக்கு உறுதி சொன்னது. அதைக் காக்க வேண்டும். நுரைச்சோலை மூடப்படும் நாள் வந்தால், அங்கே உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் முன்கூட்டியே மாற்று வேலையும் பயிற்சியும் வேண்டும்.

5. 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி முடிவானது. அதிலிருந்து இலங்கைக்கு வரும் பணத்தில் தோட்டக் குடும்பங்களின் பங்கு என்ன என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டில் பழைய பறிக் கணக்குக் கொப்பி இருந்தால் பிள்ளையிடம் கொடுங்கள். எந்த வருடம் எத்தனை காய், எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும். அதைப் பூகோள பாட ஆசிரியரிடம் காட்டட்டும், ஒரு பிரதியைச் சங்கக் கிளைக்குக் கொண்டு வரட்டும். சம்பளச் சபையின் முன் நாம் வைக்கப்போகும் கணக்கு அதுதான்.

பிள்ளைகள் மரம் நடட்டும். அந்த மரத்தடியில் வேலை செய்யப்போகிறவருக்கு என்ன உரிமை என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.